பாலகுரு வீட்டுத் தூக்கம்

பிள்ளை பிறந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அந்த முப்பத்தெட்டு நாளில் பாலகுரு ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை என்று சொன்னால் நம்புவது கஷ்டம். அவன் கண்ணை ஒரு தரம் பார்த்தால் நம்பிவிடலாம்.

முதலியார்பேட்டையில் மில் மதிலுக்குப் பின்னால் எட்டு வீடுகள் ஒரே கூரையாக ஓடும் வரிசையில் அவனுடையது ஆறாவது. ஓர் அறை, பின்னால் ஒரு சமையல் தாழ்வாரம், அவ்வளவுதான். அதற்குள் பாலகுரு, அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி, புருஷன் செத்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்ட அக்கா ஜெயம், இப்போது இந்தப் பயல். இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாமலே வீட்டை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தான்.

பகலெல்லாம் அவனைப்போல நல்ல பிள்ளை புதுச்சேரியிலேயே கிடையாது. காலையில் ஜெயம் காலை நீட்டி உட்கார்ந்து, அவனைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டித் தூளியில் போட்டால் பொழுது சாயும்வரை அசையமாட்டான். கண்ணை மூடியபடியே பால் குடிப்பான். மத்தியானச் சங்கு மில்லின் உச்சியிலிருந்து அலறும்போது அடுத்த வீட்டு நாய்கூட எழுந்து நிற்கும். இவன் உதட்டைக்கூடச் சுழிக்கமாட்டான். விளக்கு வைத்ததும் கண்ணைத் திறப்பான். ஒன்பது மணிக்கு ஆரம்பிப்பான். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. யாரோ கழுத்தை நெரிப்பதுபோல் ஒரு வீறல், பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு முகம் நீலமாகும்வரை ஒரு மௌனம், பிறகு மறுபடி வீறல். தோளில் போட்டு நடந்தால் நிறுத்துவான். உட்கார்ந்தால் தெரிந்துகொள்வான்.

“இவன் பிரான்சு டைம்ல பொறந்திருக்கான்” என்று சொன்னார் பக்கத்து வீட்டுப் பஞ்சநாதன். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர்; வரிசைக்கே அவர் ‘மிசே’. “நமக்கு ராத்திரி ஒம்பது மணின்னா அங்க இப்பதான் சாயங்காலம் ஆவுது. வெள்ளக்காரன் கப்பலேறி நாலு வருசமாச்சி, இவனுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லல போலக்கீது.”

“சிரிக்காதீங்க மிசே. ஒரு வழி சொல்லுங்க” என்றாள் அஞ்சலாட்சி.

“கொஞ்ஞாக் ஒரு சொட்டு. வெரல்ல தொட்டு நாக்குல வெச்சிப் பாரு.”

ஜெயம் தாழ்வாரத்திலிருந்து கரண்டியோடு வந்தாள். “பச்ச மண்ணுக்கு சாராயம் குடுக்கச் சொல்றீங்களே, நீங்கல்லாம் பெரிய மனுசரா?” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாகிவிட்டது. வசம்பைச் சுட்டுத் தொப்புளைச் சுற்றித் தடவினார்கள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். ராவும் பகலும் மாறிப்போன பிள்ளையைப் பாயில் வைத்து மூன்று தரம் புரட்டினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, புரட்டியும் பார்த்தார்கள். அவன் மூன்று தரமும் புரண்டுவிட்டு அழ ஆரம்பித்தான். செவ்வாய்க்கிழமை வாசலில் வந்த குடுகுடுப்பைக்காரனுக்கு ஒரு பழைய வேட்டியும் போயிற்று.

இதெல்லாம் பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் உள்ளதுதான். எல்லா வீட்டிலும் அது போகப்போகச் சரியாகும். ஆனால் இந்த வீட்டில் காத்திருக்க நேரம் இல்லை. காலை ஐந்தரைக்குச் சங்கு ஊதும். ஆறு மணிக்குள் பாலகுரு எந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும்.

அவனுக்குப் பஞ்சைச் சிக்கெடுக்கிற எந்திரத்தில் வேலை. ஆள் உயர உருளை. அதன் மேலெல்லாம் கம்பிப் பல், ஊசி ஊசியாக, ஆயிரக்கணக்கில். நிற்கும்போது ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரியும். சுற்ற ஆரம்பித்துவிட்டால் ஒரு பல்லும் தெரியாது. வெண்மையாக, வழவழவென்று, பிள்ளையின் கன்னம்போலப் பஞ்சுதான் தெரியும். கை வைத்துப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றும். புதிதாக வந்தவர்களிடம் மேஸ்திரி அம்மாவாசை முதலில் சொல்வது அதைத்தான்: “அழகா இருக்கேன்னு பாக்காத.”

கூட வேலை பார்த்த கலியமூர்த்தி அப்படிப் பார்த்தவனில்லை. தகப்பன் சாவுக்கு மூன்று ராத்திரி விழித்துவிட்டு நான்காம் நாள் வேலைக்கு வந்தான். நின்றபடியே கண் சொக்கியது. வலது கையில் மூன்று விரல் போயிற்று. பிள்ளை பிறந்த பதினைந்தாம் நாள், கட்டுப் போட்ட கையோடு அவன் பார்க்க வந்தான். கிலுகிலுப்பை ஒன்று வாங்கி வந்திருந்தான். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கையால் முதுகைத் தாங்கினான். அஞ்சலாட்சி சிரித்த முகமாகத்தான் நின்றாள். அவன் போனபிறகு பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள்.

அன்றிலிருந்து பிள்ளை அழ ஆரம்பித்தாலே அவளுக்கு அந்தக் கை கண்ணில் வந்து நின்றது. பாலகுரு பாயில் புரளுகிற ஒவ்வொரு தரமும் ஒரு விரல் போவதுபோல இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐப்பசி மழையில் முந்தானையைப் போர்த்தியபடி மதிலோரம் நடப்பாள். குளிர் பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று ஜெயம் உள்ளே இழுத்துவருவாள். உள்ளே வந்தால் பாலகுரு எழுந்து உட்கார்ந்திருப்பான்.

“நீ படு. நான் வெச்சிருக்கேன்” என்பான்.

“ஐயோ, நீங்க தூங்குங்க. காலையில மெசினு.”

“மெசினு எங்க போயிடப் போவுது?”

ஜெயத்துக்கும் தூக்கம் இல்லை. அவள் மூன்று மணிக்கே எழுந்து மாவு நனைத்துப் புட்டு அவித்து, ஐந்து மணிக்குக் கூடையோடு மில் வாசலில் உட்கார வேண்டியவள். வந்ததும் அஞ்சலாட்சிக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறாவைப் பூண்டு போட்டுப் புட்டாக உதிர்த்துக் கொடுப்பாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவனுக்கும் அவளுக்கும் பதினாலு வயது வித்தியாசம். வாய்தான் கொஞ்சம் முள்ளே தவிர, அஞ்சலாட்சிக்கு அவளைப்போல நாத்தனார் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று வரிசையே சொல்லும்.

முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மேஸ்திரி அம்மாவாசை பாலகுருவைத் தோளில் கைபோட்டு வீட்டுக்கே கூட்டிவந்தார். ஷிப்டு முடிந்த நேரம்தான். ஆனால் மேஸ்திரி கூட வருவது நல்ல சேதியாக இருக்காதே.

“ஜெயம்” என்றார். “இவன் இன்னிக்கி நின்னுக்கிட்டே தூங்கிட்டான். நான் பின்னாலேர்ந்து சட்டையப் புடிச்சி இழுத்தேன். இன்னும் ஒரு சாண் சாஞ்சிருந்தான்னா வெரலு இல்ல, மொகமே போயிருக்கும்.”

பாலகுரு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சட்டையின் பின்பக்கம் கிழிந்திருந்தது.

“லீவு குடுங்களேன் மேஸ்திரி” என்றாள் ஜெயம்.

“எத்தினி நாளு குடுப்பேன்? புள்ள எப்பத் தூங்குவான்னு எனக்கு எழுதிக் குடு, அது வரைக்கும் லீவு தரேன்.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “நாளைக்கி வரட்டும். ஆனா தூங்கிட்டு வரட்டும். மறுபடியும் சட்டை என் கையில சிக்கும்னு சொல்ல முடியாது” என்றார்.

அவர் போனபிறகு மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தூளியில் பயல் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தத் தூக்கத்தைப் பார்த்ததும் அஞ்சலாட்சிக்குப் பெற்ற பிள்ளைமேலேயே ஒரு கோபம் வந்தது. வந்த மறுகணமே பயந்தும் போனாள்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் இரண்டு காரியம் நடந்தது. ஒருத்தி செய்தது இன்னொருத்திக்குத் தெரியாது.

முதல் காரியம் ஜெயத்தினுடையது. அவள் முன்பு இதே மில்லில் நூல் சுற்றும் பக்கத்தில் வேலை பார்த்தவள். அந்தக் காலத்தில் கைப்பிள்ளைக்காரிகள் எல்லோரும் போஸ்தக்காய்த் தோல் வாங்கி வைத்திருப்பார்கள். கசகசா விளைகிற காயின் மேலோடு அது. கொஞ்சம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைப் புகட்டினால் பிள்ளை வேலை முடியும்வரை தூங்கும். வெள்ளைக்காரன் இருந்தவரை கடையில் கேட்டால் கொடுப்பார்கள். இப்போது அதை வைத்திருந்தாலே போலீஸ் என்று பேச்சு. ஜெயத்தின் தகரப் பெட்டியில், பழைய புடவைக்கு அடியில், துணியில் முடிந்த நாலைந்து துண்டு அந்தக் காலத்திலிருந்தே இருந்தது. விளக்கு வைத்ததும் அஞ்சலாட்சி குளிக்கப் போன நேரத்தில் அரைப் பாலாடை புகட்டினாள். பெற்றவளிடம் சொன்னால் பயப்படுவாள் என்று சொல்லவில்லை.

இரண்டாவது காரியம் அஞ்சலாட்சியினுடையது. உரைமருந்துக் கிண்ணத்தில் ஜாதிக்காய் இருந்தது. தாய்ப்பாலை விட்டுக் கல்லில் ஒரு உரசு உரசிக் கொடுத்தால் பிள்ளை தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதையும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்; பயலுக்கு அது உறைக்கவே இல்லை. “நாலு உரசு குடுத்தா இன்னா அண்ணி?” என்று ஒருநாள் கேட்டதற்கு ஜெயம் கல்லைப் பிடுங்கி மேலே வைத்துவிட்டாள். “ஒரு உரசுக்கு மேல போனா மயக்கம்டி. வெளயாடாத” என்றாள். இன்று ஒன்பது மணிக்கு ஜெயம் மாவு இடிக்கப் போனதும் அஞ்சலாட்சி கல்லை எடுத்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். எட்டுக்குமேல் எண்ணவில்லை. கலியமூர்த்தியின் கைதான் கண்முன்னால் இருந்தது; உரசிக்கொண்டே இருந்தாள்.

அன்று ஒன்பது மணிக்குப் பயல் அழவில்லை. பத்து மணிக்கும் அழவில்லை. பாலகுரு சுவரைப் பார்த்துப் படுத்தவன் குறட்டை விட்டான். அவன் குறட்டை விட்டு ஒரு மாதத்துக்குமேல் ஆகிறது. இரண்டு பெண்களும் அந்தக் குறட்டையை ஆளுக்கொரு மூலையில் கிடந்து கேட்டார்கள். ஆளுக்கொரு பெருமை. பிறகு அவர்களும் செத்ததுபோலத் தூங்கினார்கள்.

ஐந்தரைச் சங்கில்தான் இரண்டு பெண்களுக்கும் விழிப்பு வந்தது. மூன்று மணிக்கு எழ வேண்டிய ஜெயம் பதறி எழுந்தாள். அஞ்சலாட்சிக்கு மார் இரண்டும் கட்டிப் புடவை நனைந்திருந்தது. ராத்திரி முழுக்கப் பிள்ளை பால் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தூளியிலிருந்து எடுத்தாள். பிள்ளை துணிபோலத் தொங்கினான். மார்பில் வைத்து உதட்டைத் தடவினாள். பால் வாயிலிருந்து வழிந்து கழுத்தில் இறங்கியது.

“அண்ணி, வாய் தெறக்க மாட்டேங்கிறான்.”

ஜெயம் வந்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். இன்னும் பலமாகச் சுண்டினாள். மூக்கில் புறங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். மூச்சு வந்தது; ஆனால் ஒன்று வந்து அடுத்தது வருவதற்குள் ஒரு ஆள் தெருமுனைக்குப் போய்விடலாம்போல இருந்தது. ஜெயத்தின் முகம் அஞ்சலாட்சி பார்த்தே இராத முகமாக மாறிவிட்டது.

“குரு, எழுந்திரு! வண்டி புடி, ஓடு!” என்று கத்தினாள்.

பெரியாஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் தொங்கவிட்ட படுதாவையும் மீறிச் சாரல் அடித்தது. குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டும் பிள்ளை முகம் சுளிக்கவில்லை. வழியெல்லாம் அஞ்சலாட்சி, “அழுடா. என் சாமி, அழுடா. ஒரு தடவ அழு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முப்பத்தெட்டு நாளாக அழாதே அழாதே என்று சொன்ன வாய்தான் அது.

டாக்டர் சக்கரபாணி சின்ன வயதுக்காரர். பிள்ளையின் இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார். கண்ணின் கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரியிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பிறகு மூன்று பேரையும் பார்த்தார்.

“குழந்தைக்கு என்ன குடுத்தீங்க?”

“தாய்ப்பாலுதாங்க” என்றான் பாலகுரு.

“அத நான் கேக்கல. தூங்குறதுக்கு என்ன குடுத்தீங்க? மறைச்சா நஷ்டம் எனக்கு இல்ல.”

சுவரில் சாய்ந்திருந்த ஜெயம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“நான் குடுத்தேன் ஐயா. பொட்டியில கெடந்த பழைய போஸ்தக்கா தோலு ஊறவெச்ச தண்ணி. அர பாலாடை. நேத்து வெளக்கு வெச்சதும் குடுத்தேன்.”

“அக்கா!” என்றான் பாலகுரு.

“என் புள்ளைக்கி ஒரு பாலாடை குடுத்தேன். இவனுக்கு அதுல பாதிதாங்க குடுத்தேன். என்னப் போலீசுல குடுங்க. புள்ளய காப்பாத்திடுங்க.”

“உன் புள்ளைக்கா?” பாலகுருவுக்குப் புரியவில்லை. ஜெயத்துக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்து ஐந்து மாதத்தில் செத்தது. அப்போது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். “அவன் மாந்தத்துலதான போனான்?”

“எல்லாரும் மாந்தம்னாங்க. நானும் மாந்தம்னு சொல்லிட்டேன்” என்றாள் ஜெயம். “தெனம் காலையில குடுத்துட்டு, மில்லுல கைப்புள்ளைங்கள உடுற கொட்டாயில போட்டுட்டு வேலைக்கிப் போவேன். மூணு மாசம் குடுத்தேன். ஒரு நாளு சாயங்காலம் போயித் தூக்குனேன், இதே மாதிரி தொங்குனான். ஆஸ்பத்திரிக்கி வரத்துக்குள்ள சில்லுனு ஆயிட்டான்.”

“தெரிஞ்சே எம் புள்ளைக்கும் குடுத்தியா?”

“தெரியலடா. அதுதானா, இல்ல வேறயான்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியல. மூணு மாசம் ஒண்ணும் ஆவலயே. பாதி குடுத்தா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். உன் சட்டையப் பாத்தேன்டா குரு. கிழிஞ்ச சட்டையப் பாத்ததும் எனக்குப் புத்தி போயிடிச்சி.”

“இனிமே எம் புள்ளயத் தொடாத” என்றான் பாலகுரு. சத்தம் போடவில்லை. அக்காவை அவன் அப்படிப் பார்த்ததே கிடையாது.

அந்தப் பார்வைதான் அஞ்சலாட்சியின் வாயை அடைத்துவிட்டது. ‘நானும்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொன்னால் அதே பார்வை அவள் பக்கம் திரும்பும். அக்காவையே தொடாதே என்றவன் பெண்டாட்டியை என்ன சொல்வான்? பெற்றவளே கொடுத்தாள் என்று வரிசை முழுக்கப் பேசுமே. ஜெயம் சொல்லிவிட்டாள், டாக்டருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அதற்கு வைத்தியம் பார்த்தால் பிள்ளை பிழைத்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சேலையின் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தபடி நின்றாள்.

டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“பழைய தோலு, அரைப் பாலாடை, நேத்து சாயங்காலம். இந்நேரத்துக்குக் கொஞ்சமாவது தெளிஞ்சிருக்கணுமே” என்றார். “வேற எதுவும் குடுக்கலையா?”

“இல்லீங்க. சாமி சத்தியமா இல்லீங்க” என்றாள் ஜெயம்.

டாக்டர் அஞ்சலாட்சியைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அந்த ஆட்டல் கடைசிவரை அவளை விடவில்லை.

பிராணவாயு வைத்தார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. பிள்ளை நிறம் மாறவில்லை. டாக்டர் வெளியே வந்து பாலகுருவிடம் சொன்னார்: “அந்தத் தண்ணி மட்டும் காரணமா இருக்கும்னு எனக்குத் தோணல. மூளைக் காய்ச்சலா இருக்கலாம். முதுகுத் தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாத்துடணும். இந்த நிலைமையில ஆபத்துதான். ஆனா பாக்காம விட முடியாது.”

பாலகுரு ஏதோ தலையசைத்தான். அவனுக்கு முதுகு, ஊசி என்ற இரண்டு சொல்தான் காதில் விழுந்திருக்கும்.

கதவு பாதி திறந்திருந்தது. அஞ்சலாட்சி அதன் வழியாகப் பார்த்தாள். மேசையின்மேல் வெள்ளைத் துணியில் பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கன்னியாஸ்திரி ஒரு கையால் கழுத்தையும் ஒரு கையால் முழங்காலையும் சேர்த்து அழுத்தி இறாலைப்போல வளைத்துப் பிடித்திருந்தாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்த முதுகு மொத்தமே ஒரு சாண்தான் இருக்கும். டாக்டர் தட்டிலிருந்து ஊசியை எடுத்தார். அவள் அவ்வளவு நீள ஊசியைப் பார்த்ததில்லை.

“குத்தாதீங்க!” என்று உள்ளே ஓடினாள். “நானும் குடுத்தேன். ஜாதிக்கா குடுத்தேன்.”

“எவ்வளவு?”

“எட்டு உரசு வரைக்கும் எண்ணுனேன். அதுக்கு மேல எண்ணல. அரக் காய் கரைஞ்சிடிச்சி.”

“எப்போ?”

“ஒம்பது மணிக்கு. அண்ணி குடுத்தது எனக்குத் தெரியாதுங்க.”

டாக்டர் ஊசியைத் தட்டில் போட்டார். அது தட்டில் விழுந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. “ரெண்டும் சேந்தா பெரிய ஆளே எழுந்திரிக்க மாட்டான்மா” என்றார். “ஏன் இவ்வளவு நேரம் சொல்லல?”

“பயந்துட்டேன்.”

வாசலில் பாலகுரு நின்றுகொண்டிருந்தான். அவள் நினைத்த அந்தப் பார்வை வரவில்லை. அவன் அவளைப் பார்க்கவே இல்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவை யாருக்கு வேண்டும் என்பதுபோல முகம் இருந்தது. ஜெயம் அவனுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். வெளியே போய் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு நடந்ததெல்லாம் காத்திருத்தல்தான். தூங்கவிடக்கூடாது என்றார் டாக்டர். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் உள்ளங்காலைச் சுண்ட வேண்டும். ஈரத்துணியால் நெற்றியைத் துடைக்க வேண்டும். மூச்சு விடுவதை நிறுத்தினால் உடனே கூப்பிட வேண்டும். கன்னியாஸ்திரி சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினாள். பாலகுரு மூச்சை எண்ணினான். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. பிறகு பதினொன்று. சின்னப் பிள்ளைக்கு நாற்பதுவரை இருக்கலாமாம். ஒரு தரம் பதினொன்றில் நின்று அடுத்தது வரவே இல்லை. அஞ்சலாட்சி காலைச் சுண்டினாள், வரவில்லை. கிள்ளினாள். பெற்ற பிள்ளையை நகம் பதியக் கிள்ளினாள். அப்போது வந்தது.

மில்லில் மத்தியானச் சங்கு ஊதியிருக்கும். அங்கே கேட்கவில்லை. மழைச் சத்தம் மட்டும்தான். மூச்சு பதினான்கு ஆயிற்று. ரொம்ப நேரம் பதினான்கிலேயே நின்றது. பிறகு பதினெட்டு. பாலகுரு அதை இரண்டு தரம் சொன்னான். மூன்று மணிக்கு இருபத்தைந்து. நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிள்ளையின் உதடு கோணியது. நெற்றி சுருங்கியது. முகமெல்லாம் சிவந்து, ஒரு வீறல் வீறினான். யாரோ கழுத்தை நெரிப்பதுபோன்ற அதே வீறல்.

வார்டில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலாட்சி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பாலகுரு டாக்டரின் காலைத் தொடப் போக, அவர் நகர்ந்துகொண்டார். “ராத்திரி இங்கேயே இருக்கட்டும். நான் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்” என்றார். “பால் குடுங்க. பால் மட்டும்.”

பிள்ளை கொஞ்சம் குடித்தான். மறுபடி அழுதான். அஞ்சலாட்சி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வராந்தாவுக்கு வந்தாள். ஜெயம் படியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாரல் அடித்து ஒரு பக்கப் புடவை முழுக்க நனைந்திருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அழுகைச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

“அண்ணி, அழுவுறான் பாருங்க.”

“கேக்குது.”

“இந்தாங்க. தூக்குங்க.”

“வேணாம்டி. குரு தொடாதன்னு சொல்லிட்டான்.”

“அப்படின்னா நானுந்தான் தொடக் கூடாது. உங்க தண்ணி மட்டும்னா காலையில எழுந்திருப்பான். நான் குடுத்துதான் இப்படி ஆச்சி. காலையிலேயே சொல்லாம உங்கள நிக்க வெச்சிப் பாத்துக்கிட்டு இருந்தேன் அண்ணி.”

ஜெயம் மழைநீர் படியோரமாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். பயல் வீறிட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு பேரில் ஒருவரும் அவனைச் சமாதானப்படுத்தவில்லை.

“நான் குடுத்தது பாதி. நீ குடுத்தது மீதி. ரெண்டும் சேந்துதான் இப்படின்னாரு டாக்டரு” என்றாள் ஜெயம். தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது.

“ஆமா அண்ணி.”

“மூணு மாசமா ஒரே அளவுதான் குடுத்தேன் எம் புள்ளைக்கி. ஒருநாளும் ஏறக்கொறைய ஆவாது. அன்னிக்கி மட்டும் ஏன் எழுந்துக்கலன்னு பதினாறு வருசமா ரோசன பண்றேன். என் கை எங்கியோ தப்பிடிச்சின்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.” அவள் இப்போதுதான் திரும்பி அஞ்சலாட்சியைப் பார்த்தாள். “அஞ்சலாட்சி, அன்னிக்கி எம் புள்ளைக்கும் வேற யாராச்சும் குடுத்திருப்பாங்களாடி?”

அஞ்சலாட்சிக்கு என்ன தெரியும்? பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு நாலு வயது. அந்தக் கொட்டகையையும் பார்த்ததில்லை, அந்தப் பிள்ளையையும் பார்த்ததில்லை.

“குடுத்திருப்பாங்க அண்ணி” என்றாள். “நிச்சயமா குடுத்திருப்பாங்க.”

ஜெயம் கையை நீட்டினாள். அஞ்சலாட்சி பிள்ளையை அந்தக் கையில் கொடுத்தாள். ஜெயம் அழுகிறவனை மார்போடு சேர்த்துக்கொண்டு, அவன் வாய்க்கு நேராகத் தன் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கொட்டாயில புள்ளைங்கள பாத்துக்க முத்தம்மான்னு ஒருத்தி இருந்தா” என்றாள் பிறகு. “இருவது புள்ளைங்க. அவ ஒருத்தி. செத்து ஏழு வருசமாச்சி, இனிமே கேக்கவும் முடியாது. எல்லாம் ஒண்ணா அழுதா அவதான் இன்னா பண்ணுவா?” பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். “பாவம்டி. அவளும் நல்லதுக்குத்தான் குடுத்திருப்பா.”